ஏலம் கேட்குமுன் எண்ணிப் பாருங்கள்

இணையவழி ஏலத்தில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?



ஏலம் நமக்குப் புதிதன்று. விடியற்காலையில் கரைசேரும் வள்ளங்களின் மீன் ஏலத்திற் கூறப்படுகிறது. கோயில் திருவிழா முடிவில், நேர்த்தியாக வந்த வாழைக்குலையும் சேவலும் ஏலத்திற் போகின்றன. மீட்கப்படாத அடகு நகைகளை வங்கிகள் பத்திரிகையில் அறிவித்து ஏலமிடுகின்றன. இங்கெல்லாம் பொருளைக் கண்ணாற் காண்கிறோம், கையிலெடுத்துப் பார்க்கிறோம். ஏலம் கூறுபவர் யார் என்பதும், நம்மை எதிர்த்துக் கேட்பவர் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

கணனியிலும் கைத்தொலைபேசியிலும் இன்று நடைபெறும் ஏலத்தில் இந்நான்கும் இல்லை. பொருள் படமாகவே தெரிகிறது. விற்பவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். எதிர்த்துக் கேட்பவரின் பெயர்கூட மறைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் இதை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஊர்க் கடைகளில் எக்காலத்திலும் கிடைக்காத ஒரு பழைய உதிரிப்பாகம், அச்சில் இல்லாத ஒரு புத்தகம், பிள்ளையின் படிப்புக்கு வேண்டிய ஒரு கருவி ஆகியன இத்தளங்களில் நியாயமான விலைக்குக் கிடைப்பதுண்டு. எத்தனையோ குடும்பங்கள் பயன்பெற்றிருக்கின்றன. பணத்தைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு.

இவ்விரு சாராருக்குமிடையே உள்ள வேறுபாடு அதிர்ஷ்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இணைய ஏலத்தில் ஒருவரைக் காப்பவை பெரும்பாலும் அவர் விலை கேட்பதற்கு முன்னர் செய்யும் வேலைகளே. அவ்வேலைகள் எவை என்பதை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. இந்த ஏலம் எங்கிருந்து வந்தது?

இணைய ஏலத்தளங்களுள் மிகவும் பெயர்பெற்றது ‘ஈபே’. பாரிஸ் நகரில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பியர் ஒமிட்யார் என்பவர், 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கலிபோர்னியாவில் இதனைத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் ‘ஒக்ஷன்வெப்’. 1997இல் ‘ஈபே’ என்ற பெயர் நிலைபெற்றது.

அதில் முதன்முதலாக விற்கப்பட்ட பொருளாகச் சொல்லப்படுவது, பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி. அது 14 டொலர் 83 சதத்திற்கு விலைபோனது. பழுதானது என்பது தெரியுமா என்று ஒமிட்யார் வாங்கியவரை எழுதிக் கேட்டாராம். பழுதான சுட்டிகளைச் சேகரிப்பதே தமது பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். இச்சிறு சம்பவத்தில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பழுதான பொருளை விற்பது குற்றமன்று. பழுதை மறைத்து விற்பதே குற்றம். விற்பவர் உள்ளதைச் சொல்லவேண்டும். வாங்குபவர் சொன்னதை வாசிக்கவேண்டும்.

இன்று ஈபேயில் விற்கப்படும் பொருட்களிற் பெரும்பகுதி நிலையான விலைக்கே விற்கப்படுகிறது. ஏலம் ஒரு பகுதி மாத்திரமே. ஆகவே ஒரு பொருளைக் கண்டதும், அது ஏலத்திலுள்ளதா, ‘உடனே வாங்கலாம்’ என்ற நிலையான விலையிலுள்ளதா என்பதை முதலிற் கவனியுங்கள். சில ஏலங்களில் மறைவான குறைந்தபட்ச விலையொன்றும் இருக்கும். அந்த விலையை எட்டாவிட்டால், நீங்களே அதிகம் கேட்டவராயிருந்தாலும் பொருள் உங்களுக்கு வராது.

2. விலை எப்படி ஏறுகிறது?

இதனைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாதி வெற்றி.

ஓர் உதாரணம் எடுப்போம். வீட்டிலே தைத்துக் குடும்பத்துக்கு உதவும் ஒரு தாயாரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது பழைய சிங்கர் தையல் இயந்திரம். சிங்கர் கம்பனி 1877ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் வியாபாரம் செய்துவருவதால், பாட்டி காலத்து இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இயந்திரத்தின் ‘பொபின் கேஸ்’ உடைந்துவிட்டது. கடைகளில் பொருந்துவது கிடைக்கவில்லை. ஈபேயில் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. ஆரம்ப விலை 5 டொலர்.

தாயார் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையாக 20 டொலர் என்று பதிகிறார். அந்தத் தொகை உடனே கேட்கப்படுவதில்லை. தளமே அவருடைய பிரதிநிதியாக நின்று, தேவையான அளவுக்கு மட்டும் அவருக்காக விலையை உயர்த்திக் கேட்கிறது. வேறொருவரின் உச்ச விலை 13 டொலர் என்றால், விலை 13 டொலர் 50 சதத்தில் நிற்கும், பொருள் தாயாருக்கே. இவ்விலை மட்டத்தில் ஒவ்வொரு படியும் 50 சதம் என்பதனால் அப்படி. மற்றவர் 22 டொலர் பதிந்திருந்தால், விலை 20 டொலர் 50 சதமாகி அவருக்குப் போகும். இருவரும் ஒரே தொகையைப் பதிந்திருந்தால், முந்திப் பதிந்தவருக்கே பொருள் சேரும்.

ஆகவே வென்றவர் கொடுப்பது தம்முடைய உச்ச விலையையன்று. அவருக்கு அடுத்தவரின் உச்ச விலைக்குச் சற்று மேலான தொகையையே. நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் விக்கிரி, இதையொத்த ஏலமுறையை 1961இல் ஆராய்ந்து எழுதினார். இரண்டாவது விலையைக் கொடுக்கும் ஏலத்தில், ஒரு பொருள் தமக்கு உண்மையில் எவ்வளவு பெறுமதியோ அதையே கேட்பதுதான் ஒருவருக்கு நன்மை என்று அவர் காட்டினார். 1996இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? சிறிது சிறிதாக ஏற்றிக் கேட்பதால் இலாபம் ஏதுமில்லை. சரியான உச்ச விலையைத் தீர்மானித்து ஒரே தடவை பதிந்தால் போதும். அந்தச் சரியான விலையைக் கண்டுபிடிப்பதே நமது வேலை. அதற்கு மூன்று படிகள் உண்டு: பொருளை அறிதல், விற்பவரை அறிதல், முழுச் செலவையும் கூட்டுதல்.

3. பொருளை அறிதல்: ஒவ்வொரு சொல்லையும் வாசியுங்கள்

2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் ஓர் இளந்தந்தை தம் நான்கு வயது மகனுக்கு நத்தார்ப் பரிசாக விளையாட்டுக் கருவியொன்றை ஈபேயில் வாங்கினார். கொடுத்த விலை 450 பவுண். பொதியில் வந்ததோ அந்தக் கருவியின் புகைப்படம். விளம்பரத்தை மீண்டும் பார்த்தபோது, ‘புகைப்படம்’ என்ற சொல் அதிலே இருக்கத்தான் செய்தது. தளத்தினூடாகவே வாங்கியபடியால் அவரால் முறையிட முடிந்தது. பணம் திரும்பக் கிடைக்கும் என்று தளமும் அறிவித்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்குமென்று சொல்லமுடியாது.

தலைப்பை மாத்திரம் வாசிப்பது போதாது. கீழேயுள்ள விவரத்தைக் கடைசி வரி வரை வாசியுங்கள். ‘பெட்டி மட்டும்’, ‘உதிரிப்பாகங்களுக்காக’, ‘பரிசோதிக்கப்படவில்லை’, ‘உள்ளது உள்ளபடி’ என்னும் பொருள்தரும் சொற்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால், விளங்கிய பிள்ளையிடமோ அயலவரிடமோ வாசித்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். படங்கள் அந்தப் பொருளினுடையனவா, கம்பனி விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டனவா என்பதையும் கவனியுங்கள். சந்தேகமிருந்தால், கேட்குமுன் விற்பவருக்குத் தளத்தினூடாகவே எழுதி விசாரியுங்கள். அவர் தரும் பதில் பின்னர் சாட்சியாகவும் உதவும்.

அளவும் வகையும் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. நமது தாயாரின் இயந்திரத்தையே எடுப்போம். சிங்கர் 15ஆம் வகுப்புப் பொபினும் 66ஆம் வகுப்புப் பொபினும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதன் பக்கங்கள் தட்டையானவை. இரண்டாவதன் பக்கங்கள் சற்றுக் குவிந்தவை. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. ‘சிங்கருக்குரியது’ என்று மட்டும் எழுதியிருப்பதை நம்பி வாங்கினால், பொருளும் உதவாது, பணமும் போய்விடும். இயந்திரத்தில் பொறித்துள்ள இலக்கத்தைக் கொண்டு அதன் வகையை அறிந்தபின்னரே தேடவேண்டும்.

மின்சாரப் பொருளாயின் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் வீடுகளுக்கு வருவது ஏறக்குறைய 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற். அங்கிருந்து வரும் ஒரு மின்கருவியை நேரே இங்கே செருகினால் எரிந்துபோகலாம். கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மேலும் ஒரு பொறியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஒரு பெரிய ஓவியம் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 25 சதம். வீட்டுக் கொட்டகையில் கிடந்ததென்றும், பிள்ளையின் விளையாட்டு வண்டி மோதி அதில் ஓட்டை விழுந்ததென்றும் விற்பவர் எழுதியிருந்தார். ஓவியர் பெயரை அவர் சொல்லவில்லை. மூலையிற் காணப்பட்ட எழுத்துக்களோ புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் றிச்சர்ட் டீபன்கோனை நினைவூட்டின. ‘இவருக்கு இதன் மதிப்புத் தெரியாது, நமக்குத் தெரியும்’ என்று எண்ணியவர்கள் போட்டியிட்டார்கள். விலை 135,805 டொலர் வரை ஏறியது. பின்னர் விசாரித்தபோது, விற்பவர் ஒரு வழக்கறிஞர் என்பதும், பிள்ளையும் வண்டியும் கற்பனை என்பதும், அவரும் கூட்டாளிகளும் ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை ஏற்றிவந்ததும் வெளியாயின. விற்பனை இரத்துச் செய்யப்பட்டது. அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதனை ஆழமாகச் சிந்தியுங்கள். ஏமாந்தவர்கள் அறிவிலிகளல்லர், ஓவியம் அறிந்தவர்கள். விற்பவரின் அறியாமையால் தாம் இலாபமடையலாம் என்ற எண்ணமே தூண்டிலில் இரையாக அமைந்தது. ஒரு விளம்பரம் உங்கள் காதில் ‘விற்பவன் அப்பாவி’ என்று மெல்லச் சொல்லுமானால், அங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

4. விற்பவரை அறிதல்

ஒருவரையொருவர் காணாத மக்களிடையே நம்பிக்கையை உண்டாக்குவதற்காக, 1996இல் ஈபே ஒரு வழியைக் கொண்டுவந்தது. வாங்கியவர் விற்றவரைப் பற்றித் தம் கருத்தை எழுதி வைக்கலாம். மற்றவர்கள் அதனை வாசிக்கலாம். இந்த நற்பெயருக்குப் பண மதிப்பும் உண்டு. ஒரே வகையான பழைய தபாலட்டைகளை, நெடுநாள் நற்பெயர் பெற்ற கணக்கிலிருந்தும், புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலிருந்தும் விற்றுப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், நற்பெயர் உள்ளவருக்கு ஏறக்குறைய 8 வீதம் கூடிய விலை கிடைத்ததை 2006இல் வெளியிட்டார்கள்.

ஆனால் இந்தப் புள்ளிகளை எப்படி வாசிப்பது என்பதை அறிந்திருக்கவேண்டும். நூற்றுக்கு 99 என்ற மொத்தக் கணக்கைப் பார்த்து அமைதியடைந்துவிடலாகாது. பின்வருவனவற்றைப் பாருங்கள்:

(அ) எத்தனை பேர் கருத்துத் தெரிவித்திருக்கிறார்கள்? ஐந்து பேரின் புகழ்ச்சியும் ஐயாயிரம் பேரின் புகழ்ச்சியும் ஒன்றல்ல.

(ஆ) அண்மைய மாதங்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? நல்ல கணக்கைத் திருடர் கைப்பற்றி விற்பதும் உண்டு. நெடுநாள் மௌனமாயிருந்த கணக்கு திடீரென விலையுயர்ந்த பொருட்களை விற்கத் தொடங்கினால் விலகுங்கள்.

(இ) அந்தப் புகழ் எதற்குக் கிடைத்தது? ஒரு டொலர்ப் பொருட்களை விற்றுப் பெற்ற நற்பெயர், ஆயிரம் டொலர்க் கருவிக்குச் சான்றாகாது.

(ஈ) குறை சொன்னவர்கள் எதைச் சொல்கிறார்கள்? தாமதம் என்றால் பொறுக்கலாம். ‘போலி’, ‘வேறு பொருள் வந்தது’ என்று பலர் சொன்னால் பொறுக்கலாகாது.

விற்பவர் தம் நண்பரையோ வேறொரு கணக்கையோ கொண்டு விலையை ஏற்றுவிப்பதும் நடைபெறுகிறது. இது தளத்தின் விதிகளுக்கு மாறானது; பல நாடுகளில் சட்டத்துக்கும் மாறானது. 2010இல் இங்கிலாந்தின் பிராட்போட் நகர நீதிமன்றம், தன் பொருட்களுக்குத் தானே விலையேற்றிய ஒருவருக்கு 5,000 பவுண் அபராதமும் 250 மணி நேரச் சமூக வேலையும் விதித்தது. விலை கேட்டவர்களின் பட்டியலை ஈபேயில் யாரும் பார்க்கலாம். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும், ஒரே ஆள் இந்த ஒரு விற்பவரின் பொருட்களுக்கே திரும்பத் திரும்பக் கேட்பது தெரிந்தால் ஐயப்படுங்கள். முன்கூட்டியே உச்ச விலையைத் தீர்மானித்தவருக்கு இத்தகைய சூழ்ச்சியினால் வரும் இழப்பும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.

5. முழுச் செலவையும் கூட்டுங்கள்

திரையிற் காணும் விலை, நீங்கள் கொடுக்கப்போகும் விலையன்று. அனுப்புக் கூலி உண்டு. வங்கி டொலரை ரூபாவாக மாற்றும்போது எடுக்கும் கட்டணம் உண்டு. பொதி இலங்கைக்கு வந்ததும் சுங்கத் தீர்வையும் வரிகளும் வரலாம். பொருளின் விலையுடன் அனுப்புக் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகையின்மேலேயே இங்கு தீர்வை கணிக்கப்படுகிறது என்பதை மறந்துவிடலாகாது. விகிதங்கள் பொருளுக்குப் பொருள் வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறும். ஆகையால் பெறுமதியான பொருளாயின் முதலிலேயே சுங்கத் திணைக்களத்தில் விசாரித்துவிடுவது நன்று. கைத்தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்புக் கருவி போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கலாம்.

இப்போது தாயாரின் கணக்கைப் பார்ப்போம். அந்த உதிரிப்பாகம் கைக்கு வந்துசேர எல்லாமாக 40 டொலருக்கு மேல் கொடுப்பது பயனில்லை என்று அவர் முடிவு செய்கிறார். அதற்கு மேற்பட்டால், பாவித்த வேறொரு இயந்திரத்துக்குப் பணம் சேர்ப்பதே மேல். அனுப்புக் கூலி 15 டொலர். தீர்வைக்கும் வங்கிக் கட்டணத்துக்கும் 5 டொலர் ஒதுக்குகிறார். மிஞ்சுவது 20 டொலர். அதுவே அவர் கேட்கவேண்டிய உச்ச விலை. முன்னர் சொன்ன 20 டொலர் இப்படித்தான் வந்தது.

இதற்கு முன் இதே பொருள் எவ்வளவுக்கு விற்கப்பட்டது என்பதையும் பாருங்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி ஈபேயில் உண்டு. விற்பவர்கள் கேட்கும் விலை ஆசையைக் காட்டுகிறது. விற்று முடிந்த விலையே சந்தையைக் காட்டுகிறது.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் தம்பியின் விலாசத்துக்கு அனுப்புவித்து, அவர் மூலம் இங்கே பெறுவது பல குடும்பங்களின் வழக்கம். கூலி மிச்சப்படலாம், ஆனால் ஒன்றை அறிந்திருங்கள். முதல் விலாசத்தில் ஒப்படைத்தபின் வேறொரு விலாசத்துக்கு மறுபடி அனுப்பப்பட்ட பொருளுக்கு ஈபேயின் பணம் மீளளிக்கும் உத்தரவாதம் பொருந்தாது. ஆகவே பொதி கிடைத்ததும் அங்கேயே பிரித்து, இயக்கிப் பார்த்து, சரியென்று கண்டபின்னரே அனுப்பும்படி தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

6. கேட்கும் நேரம்: சூடேறும் மனம்

கணக்கெல்லாம் போட்டபின்னும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. அது நமது மனத்திலேயே இருக்கிறது.

கி.பி. 193ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசே ஏலத்துக்கு விடப்பட்டது என்றால் நம்புவீர்களா? பேரரசன் பெர்த்தினாக்சைக் கொன்ற மெய்க்காவற் படையினர், அதிக பணம் தருபவருக்கு அரியணை என்று அறிவித்தார்கள். சுல்பிசியானுஸ் என்பவர் படைவீரர் ஒவ்வொருவருக்கும் 20,000 காசு வரை ஏறினார். டிடியுஸ் யூலியானுஸ் என்ற செல்வந்தர் ஒரே பாய்ச்சலில் 25,000 என்றார். ஏலம் அவருக்கு விழுந்தது. 66 நாட்களில் ஆட்சியும் உயிரும் போயின. எதிரியை வெல்லவேண்டுமென்ற வெறியில், வாங்குவது எது என்பதை அவர் மறந்துவிட்டார்.

இணைய ஏலத்தின் கடைசி நிமிடங்களிலும் இதே வெறி சிறிய அளவில் வேலை செய்கிறது. ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும்; கடைசி விநாடியில் ஒருவர் புகுந்து கேட்டாலும் நேரம் நீடிக்கப்படுவதில்லை. முன்னர் அமேசன் நடத்திய ஏலத்திலோ, கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீண்டது. அல்வின் றொத், அக்செல் ஒக்கென்பெல்ஸ் என்ற இரு பொருளியலாளர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, கடைசி நேரக் கேட்பு ஈபேயிலேயே மிக அதிகம் என்று 2002இல் எழுதினார்கள். இது விதிகளுக்கு உட்பட்டதே. ஆகையால் கடைசி நொடியில் யாராவது உங்களை முந்தினால் அது அநியாயமன்று. உங்கள் உச்ச விலைக்கு மேல் அவர் கொடுக்க விரும்பினார், அவ்வளவே.

‘உங்களை ஒருவர் முந்திவிட்டார்’ என்ற அறிவித்தல் வந்ததும் நெஞ்சு படபடக்கும். ‘இன்னும் ஒரு டொலர்தானே’ என்று விரல் பொத்தானை நாடும். இங்கேதான் பலருடைய கணக்குப் பிழைக்கிறது. ஆகவே ஒரு சிறு வழியைக் கைக்கொள்ளுங்கள். உச்ச விலையை ஒரு கடதாசியில் எழுதி, வீட்டில் மற்றொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கணவன் கேட்டால் மனைவியிடம், மகன் கேட்டால் தாயிடம். ஒரே தடவை அத்தொகையைப் பதிந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பணம் வீட்டில் இருக்கிறது. அந்தப் பொருளைப் போன்றது இன்னொரு நாள் வரும்.

7. பணம் செலுத்துதல்: தளத்தை விட்டு வெளியேறாதீர்கள்

மோசடிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே வாசலால் நுழைகின்றன. ‘தளத்துக்கு வெளியே பணத்தை அனுப்புங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்பதே அந்த வாசல். வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொல்வார்கள். வெஸ்ரேன் யூனியன் மூலம் அனுப்பச் சொல்வார்கள். பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைத் தரச் சொல்வார்கள். அப்படி அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். தளத்தின் உத்தரவாதமும் அங்கே முடிந்துவிடும். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எவ்வளவு உருக்கமான கதை சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மற்றொரு தந்திரம் உண்டு. ஏலத்தில் நீங்கள் தோற்றபின், ‘வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறோம்’ என்று மின்னஞ்சல் வரும். இப்படியொரு இரண்டாவது வாய்ப்பு ஈபேயில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் உண்மையானது உங்கள் ஈபே கணக்கின் செய்திப்பெட்டியிலும் காணப்படும். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே தளத்தைத் திறந்து உள்ளே பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது பொய்.

கடனட்டையால் செலுத்துவது நல்லது. பொருள் வராவிட்டால் வங்கியிடமும் முறையிடலாம். கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்பவருக்கும் கொடுக்கலாகாது. கடனட்டையை வைத்திருக்கும் தகப்பனார், பிள்ளைகள் தாமாகவே வாங்காதபடி அதன் விவரங்களைப் பொதுக் கணனியில் சேமித்து வைக்காமலிருப்பது நன்று.

8. பொதி வந்தபின்

ஈபேயில் வாங்கிய பெரும்பாலான பொருட்களுக்கு, வராவிட்டாலோ விவரித்தபடி இல்லாவிட்டாலோ பணம் மீளும் உத்தரவாதம் உண்டு. வாகனங்கள், காணி வீடு போன்றவை இதில் அடங்கா. பொருள் வந்த நாளிலிருந்து, அல்லது வருமென்று சொல்லப்பட்ட கடைசி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முறையிடவேண்டும். ‘இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்’ என்று விற்பவர் சாட்டுச் சொல்லிச் சொல்லி இக்காலத்தைக் கடத்திவிடக்கூடும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் நாளை எண்ணிக்கொண்டிருங்கள்.

பொதியைப் பிரிக்கும்போது படமெடுங்கள். உடைந்திருந்தால் பெட்டியையும் எறியாமல் வையுங்கள். விளம்பரத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் பொருள் சரியாக இயங்கும்வரை பாதுகாத்து வையுங்கள்.

9. வாங்குபவருக்கும் கடமை உண்டு

இதுவரை விற்பவரின் நேர்மையைப் பற்றிப் பேசினோம். வாங்குபவரின் நேர்மையையும் சொல்லாவிட்டால் பாடம் நிறைவுபெறாது. ஏலத்தில் கேட்பது விளையாட்டன்று. வென்றால் வாங்குவேன் என்று கொடுக்கும் வாக்கு. பணம் இல்லாமல் கேட்பது, வென்றபின் மறைவது, நல்ல பொருளைப் பழுதென்று கூறிப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஆகியனவும் ஏமாற்றே. 2008ஆம் ஆண்டிலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்கியவரைப்பற்றிக் குறையான கருத்தைப் பதிய முடியாது. விற்பவர் பழிவாங்குவாரோ என்று அஞ்சாமல் வாங்குபவர் உண்மையைச் சொல்லவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். நமக்குக் கிடைத்துள்ள இந்தச் சலுகையைப் பொய்க் குறை சொல்வதற்குப் பயன்படுத்தலாகாது. எங்கோ ஓர் ஊரில், தன் பழைய பொருளை விற்று வீட்டுச் செலவைப் பார்க்கும் ஒரு குடும்பத் தலைவியாகவும் அந்த விற்பவர் இருக்கக்கூடும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. விளம்பரத்தின் கடைசி வரி வரை வாசியுங்கள். ஐயத்தைத் தளத்தினூடாகவே கேளுங்கள்.
2. விற்பவரின் அண்மைக் காலக் கருத்துக்களைப் பாருங்கள்.
3. விற்று முடிந்த விலைகளை ஒப்பிடுங்கள்.
4. அனுப்புக் கூலி, வங்கிக் கட்டணம், தீர்வை அனைத்தையும் கழித்து உச்ச விலையைத் தீர்மானியுங்கள்.
5. அதனை எழுதிவைத்து, ஒரே தடவை பதியுங்கள்.
6. தளத்துக்கு வெளியே ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.
7. பொதியை உடனே பரிசோதியுங்கள். 30 நாட் கெடுவை மறவாதீர்கள்.

இவ்வேழில் முதல் நான்கும் விலை கேட்குமுன் செய்யவேண்டியவை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. நம் வீட்டில் இணையவழி வாங்குவதற்கு யாரிடம் கேட்டு முடிவு செய்கிறோம்? ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்குவதுண்டா?

2. கடைசியாக வாங்கிய பொருளுக்கு எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு கொடுத்தோம்? முதலிலேயே அத்தொகை தெரிந்திருந்தால் வாங்கியிருப்போமா?

3. மலிவென்று கண்டதும் நமது மனம் எப்படி மாறுகிறது? அவ்வேளையில் நம்மைத் தடுத்து நிறுத்த வீட்டில் யாருக்கு உரிமை கொடுத்திருக்கிறோம்?